ஏரி தெரியும் அறை

கூடப் பிறந்த அக்காவை என் வீட்டுக்குள் விடாமல் இருப்பதற்காக நான் ஒரு பொய் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

கொரட்டூரில், இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துபோய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போன் செய்தாள். ஆவடியில் அத்தானின் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதைச் சாக்கிட்டு மூன்று நாள் உன்னோடு வந்து இருக்கிறோம் என்றாள்.

"அடடா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்காங்களே அக்கா" என்றேன். "அத்தானுக்கு இளைப்பு வேற. அந்த வாசம் ஆகாது. நானே நல்ல ஹோட்டலாப் பார்த்து ரூம் போட்டுடறேன்."

(அத்தானின் மூச்சைப் பற்றி அவருடைய டாக்டர்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்.)

பாசம் இல்லாமல் அல்ல. வீட்டில் இருந்த நாற்காலிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றில் செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. இன்னொரு படுக்கையறையைத் திறந்து மாதக்கணக்காகியிருந்தது. ராத்திரிச் சாப்பாடு என்றால் பாலும் பிரெட்டும். நான் இருக்கிற லட்சணத்தை அவள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அறை போடுவதாகச் சொல்லிவிட்டேன். எப்படி மலிவாகப் போடுவது? இணையத்தில் ஒரு தளம் இருந்தது. நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம் என்று சொல்லிவிட்டு, நமக்குக் கட்டுப்படியாகும் விலையை நாமே கேட்க வேண்டும். ஏதாவது ஒரு ஹோட்டல் ஒத்துக்கொண்டால் உடனே கார்டிலிருந்து பணம் போய்விடும். ஹோட்டலின் பெயர் அதற்குப் பிறகுதான் தெரியும். ரத்து செய்ய முடியாது.

ஏலத்தைப் பற்றி வகுப்பில் எத்தனையோ வருடம் பேசியவன் அல்லவா? கணினி முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நான் கேட்ட விலைக்கு ஒரு மாட்டுத்தொழுவம்கூடச் சம்மதித்திருக்காது. கொஞ்சம் ஏற்றினேன், மறுத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். 'வாழ்த்துகள்' என்று வந்தது. மேற்குப் பகுதி என்று கொடுத்திருந்ததால் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் எங்காவது அமையும் என்று நினைத்துக்கொண்டு பெயரைப் பார்த்தேன்.

என் பால்கனிக்கு நேர் எதிரே புதிதாகத் திறந்திருந்த ஹோட்டல்.

இன்னொரு அறை போட்டிருக்கலாம். போன பணத்தை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன்தான் நான். ஆனால் அது அவர்களுடைய பணம். எனவே செருப்பை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்கே போய், வரவேற்பில் இருந்த பெண்ணிடம், பின்பக்கமாக ஓர் அறை கொடுக்கும்படி கெஞ்சினேன்.

"பின்னாடி ஜெனரேட்டர் சத்தம் சார். வயசானவங்கன்னு சொல்றீங்க, முன்னாடியே குடுத்துடறேன். லேக் வியூ" என்றாள் அந்த நல்ல பெண்.

கழுத்தை நன்றாக நீட்டினால் ஏரி தெரியும். நீட்டாவிட்டால் என் பால்கனி தெரியும்.

அக்கா வந்து இறங்கியதும் பூரித்துப்போனாள். "வீட்டுக்குப் பக்கத்துலயே பாத்துப் போட்டிருக்கியே தம்பி. எங்க மேல உனக்குத்தான் எம்புட்டு அக்கற" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பி அரை மணி நேரம் ஆகவில்லை, போன் வந்தது.

"ஏல, உன் பால்கனி நல்லாத் தெரியுது. பெயிண்டு அடிக்கிற ஆள ஒருத்தரையும் காணலையே?"

"மத்தியானம் வருவாங்க அக்கா."

யார் வருவார்? நான்தான் வந்தேன். ஹார்ட்வேர் கடையில் யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ரோஸ் நிறப் பெயிண்ட் மலிவாகக் கிடைத்தது. லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் செய்தித்தாளைக் கவிழ்த்து, ஸ்டூல் மேல் ஏறி பால்கனிச் சுவரில் பூச ஆரம்பித்தேன். எதிர் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெயிண்டர்கள் அப்படியெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். முழங்கை வழியாக ரோஸ் நிறம் அக்குள் வரை வந்துவிட்டது.

கீழேயிருந்து வாட்ச்மேன் கத்தினார். "இன்னா சார், நீயே அடிச்சிகினு கீற? இந்தக் கலருக்கு அசோசியேசன்ல சண்டைக்கு வருவாங்கோ."

பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் அவருக்குப் பின்னால் அக்காவும் அத்தானும் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். தம்பி இந்த வயதில் ஸ்டூல் மேல் நிற்பதை ஜன்னலில் பார்த்துப் பயந்து ஓடி வந்திருக்கிறாள்.

"ஏம்ப்பா, இந்த வீட்டுக்குப் பெயிண்டர் இன்னும் வரலையா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"பெயிண்டரா? இன்னாம்மா நீ. சாரு ஊட்டுக்குப் பால் பாக்கெட்டைத் தவுர எதுவும் வர்றதில்ல."

ஸ்டூலில் இருந்து இறங்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அக்கா உள்ளே வந்தாள். கூடத்தைப் பார்த்தாள், அடுக்களையைப் பார்த்தாள், மூடியிருந்த அறையைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்தினாள். அத்தான் ஒரு தடவைகூட இருமவில்லை.

"வீட்டுக்குள்ள பெயிண்ட் வாசமே இல்லையே மாப்ள" என்றார் அவர்.

அக்கா ஒரு நாற்காலியிலிருந்து செய்தித்தாள்களை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். காபி போடலாம் என்று எழுந்து போய் பிரிஜ்ஜைத் திறந்தாள். ஒருவருக்கு மட்டும் போதுமான பால் இருந்தது. அதையே மூன்று பேருக்கும் பிரித்துப் போட்டாள். மூன்றாவது காபி ஒரு கிண்ணத்தில் வந்தது. வீட்டில் இருந்தவை இரண்டு டம்ளர்.

"மன்னிச்சிரு அக்கா" என்றேன்.

"காபி ஆறுது, குடி" என்றாள். எனக்கு முகம் கொடுக்கவில்லை.

இப்போதே அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "காசு குடுத்த ரூம்பு, ஏசி வேற இருக்கு" என்று அத்தான் சிரித்து மழுப்பினார். மூன்று நாளும் அங்கேயேதான் தங்கினார்கள். கல்யாண மண்டபத்தில் அத்தான் இந்தக் கதையைப் பந்தி பந்தியாகப் பரிமாறினார். இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்கு நான் போன் செய்தாலும், "வாங்க மாமா, இங்க பெயிண்ட் எதுவும் அடிக்கல" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

மறு வருடம் ஆள் வைத்து வீடு முழுக்க உண்மையாகவே பெயிண்ட் அடித்தேன். மூடியிருந்த அறையைத் திறந்து, புதுக் கட்டில், மெத்தை வாங்கிப் போட்டேன். ஒரு டஜன் டம்ளர் வாங்கினேன். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம், சும்மா வா என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

வந்தாள். வருடா வருடம் வருகிறாள். பகலெல்லாம் இங்கேதான். சமைக்கிறாள், திட்டுகிறாள், அலமாரியைத் தலைகீழாக்குகிறாள். ஆனால் பெட்டி மட்டும் எதிர் ஹோட்டலில்தான் இறங்குகிறது. வரவேற்புப் பெண்ணுக்கு அவளே போன் போட்டு, அதே அறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அந்தப் புதுக் கட்டிலில் இதுவரை ஒருவரும் படுத்ததில்லை.

போன தடவை கேட்டே விட்டேன். "இன்னும் கோவமா அக்கா?"

"கோவம் என்னல கோவம்" என்றாள், செருப்பைத் தேடிக்கொண்டே. "பக்கத்துல உக்காந்து கேட்டா, நல்லா இருக்கேன்னுதான் நீ சொல்லுவ. அங்கன இருந்து பாத்தா எனக்கே தெரியும்."