பதினேழு வெள்ளை வண்டிகளும் ஒரு நெத்திலிப் பொட்டலமும்

எனக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. 'பின்னாடியே காலி பஸ் வருதும்மா' என்று கண்டக்டர் சொன்னால், அவருக்கு என்மேல் என்ன கோபம் என்று யோசிப்பேன். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். இதையெல்லாம் புத்திசாலித்தனம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கதை இது.

அப்போது நான் திருச்சிக்கு வெளியே இருக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்து, தகுதிகாண் பருவத்தின் கடைசி மாதத்தில் இருந்தேன். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து மெயின் கேட்டில் இறங்கினால், நூலகம் இன்னும் இரண்டு கிலோமீட்டர் உள்ளே. வளாகத்துக்குள் பெட்ரோல் வண்டிக்கு அனுமதி இல்லை என்று திடீரென்று ஓர் உத்தரவு வந்தது. உடனே எங்கள் ஊழியர்களில் பதினேழு பேர் ஒரே கடையில், ஒரே மாடலில், ஒரே வெள்ளை நிறத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டோம். மெதுவாகப் போகிற ரகம் என்பதால் நம்பர் பிளேட் கிடையாது. மாலையில் கேட் பக்கத்து ஷெட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம். காவலர்கள் சார்ஜ் போடுவதற்காக வண்டிகளை இடம் மாற்றி மாற்றி நிறுத்துவார்கள்.

இந்த வண்டிகளுக்கென்று பதின்மூன்று விதிகளை எழுதியவர் பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் ரெங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர், ஆறடி உயரம், நெற்றியில் பளிச்சென்று திருமண். இருபதுக்கு மேல் ஓட்டக்கூடாது, நடைபாதையில் ஏற்றக்கூடாது, வராந்தாவில் நிறுத்தக்கூடாது, அறைக்குள் சார்ஜ் போடக்கூடாது... ஐந்தாவது விதி: அலுவலகம் தரும் எண் வில்லையை, அதாவது ஸ்டிக்கரை, வண்டியின் முன்பக்கம் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும்.

நான் ஒட்டவில்லை. (எதுக்கு நம்பர்? யார் எப்ப வர்றா, எப்ப போறான்னு கணக்கெடுக்கவா?) ஸ்டிக்கர் என் கைப்பையிலேயே இருந்தது. என் சாவி எந்த வண்டியைத் திறக்கிறதோ அது என் வண்டி. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டு வாரம் கழித்துச் சந்தேகம் ஆரம்பித்தது. காலையில் வண்டியில் ஏறினால், பக்கக் கண்ணாடியில் ரோடு தெரியாமல் வானம் தெரிந்தது. திருப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வானம். ஒரு நாள் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்தால், பழைய நியூஸ் பேப்பர் விரித்து அதன்மேல் இரண்டு துளசி இலை!

வீட்டில் என் கணவர் அன்வரிடம் சொன்னேன்.

"யாரோ என் வண்டிய எடுத்து ஓட்டுறாங்க. உயரமான ஆளு."

"உன் வண்டியையா? இருபதுல போற வண்டிய எடுத்துட்டு எங்க போவான்? பின்னாடியே நடந்து போயி பிடிச்சிரலாமே?"

அவருக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

அந்த வாரம் ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய என் தோழி ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். நூலகத்துக்குள் வைத்தால் மணக்குமே என்று வண்டிப் பெட்டியில் போட்டேன். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் பொட்டலத்தைக் காணோம். பெட்டி கழுவி விட்டது போல இருந்தது. வாசனை கூட இல்லை!

கண்ணாடியைத் திருப்பியதைப் பொறுத்துக்கொண்டேன். கருவாட்டைப் பொறுக்க முடியவில்லை. கேட்டை ஒட்டிய பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். திருடனை நானே மிரட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. கைக்கு அகப்பட்ட தாளில், 'நீ யார் என்று எனக்குத் தெரியும். இதோடு நிறுத்திக்கொள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். (நிம்மதியா தூங்கினேன், அதையும் சொல்லணும்.)

மறுநாள் பதினொரு மணிக்கு பாதுகாப்பு அதிகாரி ஆரோக்கியசாமியிடமிருந்து போன். பொன்மலைக்காரர், பட்டாளத்தில் இருந்தவர்.

"மேடம், கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வர்றீங்களா? உங்க கம்ப்ளெய்ண்ட் விஷயமாத்தான்."

ஆள் அகப்பட்டுவிட்டான் என்று வேகமாகப் போனேன். உள்ளே ரெங்கராஜன் சார் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் என் கடிதம்.

"சாருக்கு மிரட்டல் லெட்டர் வந்திருக்கு மேடம். ரூல்ஸ் போட்டதுக்காக யாரோ பழி வாங்குறாங்கன்னு சொல்றாரு. அதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள கருவாடு வேற வச்சிருக்காங்க."

ஆரோக்கியசாமி தாளை மெதுவாகத் திருப்பினார். பின்பக்கம், 'தங்கள் பெயரில் உள்ள நூல் இன்னும் திரும்பி வரவில்லை' என்ற எங்கள் நூலக நினைவூட்டல் படிவம். கீழே நூலக முத்திரை. அதற்கும் கீழே, முன்கூட்டியே போட்டு வைத்திருந்த என் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா நான் எழுதினது திருடனுக்கு."

"யாரு திருடன்?" ரெங்கராஜன் சார் எழுந்தே விட்டார். "முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கேன்! என் வண்டிக்குள்ள லெட்டர் வச்சுட்டு, என்னையே திருடங்கறேளா?"

"உங்க வண்டியில வைக்கலை சார். என் வண்டியில வச்சேன்."

ஆரோக்கியசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவிகளை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். என் சாவியை முதல் வண்டியில் போட்டார். திறந்தது. பக்கத்து வண்டியில் போட்டார். அதுவும் திறந்தது. பிறகு சாருடைய சாவியைப் போட்டார். அதற்கும் எல்லாம் திறந்தது. அன்று சார்ஜுக்காக ஷெட்டில் நின்ற ஒன்பது வண்டிகளும் யார் சாவிக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"உங்க ஸ்டிக்கர் எங்கம்மா?" என்றார் ஆரோக்கியசாமி.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நிமிடம் என் வேலை நிரந்தரமாகாது என்று முடிவே கட்டிவிட்டேன். தப்பிக்க ஒரே வழி எதிர்த்தாக்குதல்தான்.

"சார் வண்டியில மட்டும் ஸ்டிக்கர் எங்க இருக்குதாம்?"

ரெங்கராஜன் சார் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பார்த்தார். நான்காவது வண்டியில், பெட்டிக்குள் விரித்திருந்த நியூஸ் பேப்பரை விலக்கினார். அடியில் இருந்தது ஸ்டிக்கர், எண் ஒன்று.

"முன்னாடி ஒட்டினா வெயில்ல உரிஞ்சுடுமேன்னு..." என்றார், தரையைப் பார்த்து. ஐந்தாவது விதியை எழுதிய கை அது!

ஆரோக்கியசாமி என் புகாரையும் அந்தக் கடிதத்தையும் ஒன்றாக மடித்து என்னிடமே கொடுத்தார். "ரெண்டு பேரும் ஒட்டிட்டு வாங்க. நான் எதையும் பார்க்கலை."

ஸ்டிக்கரை ஒட்டும்போது சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பொட்டலம்... உங்களோடதா?"

"ஆமா சார். நெத்திலி. மன்னிச்சிக்குங்க."

"பெருமாளே! வண்டிய மூணு தடவை அலம்பினேன்மா."

"நீங்க அலம்பினது என் வண்டி சார்."

கையில் ஸ்டிக்கரோடு நிமிர்ந்தார். "அப்போ நீங்க கருவாடு வச்சது உங்க வண்டியிலதானா?"

அது எந்த வண்டி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் முதலில் சிரித்தார். அந்த உயரத்துக்கு அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் என் நிரந்தர உத்தரவு அவர் மேஜை வழியாகத்தான் வந்தது, ஒரு நாள் கூடத் தாமதமில்லாமல். (அதையும் வெளிச்சத்துல பிடிச்சு முத்திரை சரியான்னு பார்த்தேன்.)

இப்போது அந்த விதிப்பட்டியலில் பதினான்காவதாக ஒன்று உண்டு: 'ஏறும் முன், அது தம்முடைய வண்டிதானா என்று ஊழியர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.' புதிதாகச் சேருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, இதைக்கூடவா எழுதி வைப்பார்கள் என்று சிரிக்கிறார்கள். நான் புத்தக அலமாரிப் பக்கம் போய்விடுவேன்.

வீட்டில் அப்படி ஒதுங்க முடியவில்லை. எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டுக் கிளம்பினாலும், வாசலில் நான் செருப்பைத் தேடும்போது என் மாமியார் சத்தமாக ஆரம்பிப்பார்: "நசீமா, காலு நுழையுதுங்கறதுக்காக உன்னுதுன்னு நினைச்சுறாத!" மண்டபமே திரும்பிப் பார்க்கும். அன்வர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

போன மாதம் ஒரு நிக்காஹ்வில் இதையே சொல்ல, நானும் வீம்பாகச் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். நிறம் ஒன்றுதான். ஆனால் இடது கால் ஏழு, வலது கால் எட்டு. இதை இன்னும் அன்வரிடம் சொல்லவில்லை.