வெற்றிடத்தில் ஒரு கிளாரினெட்

இசையை வாழவைப்பவர்கள் இசைக்கலைஞர்கள் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாத அப்பாவிகள். இசை வாழ்வதும் வளர்வதும் பக்க வடிவமைப்பாளர்களால்தான். ஓர் இசை மாத இதழில் துணை ஆசிரியனாகக் குப்பை கொட்டியவன் என்ற முழுத் தகுதியோடு இதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் இதழ் மிகவும் அநாகரிகமாக இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்து இருக்கும். யார் வாசித்தார், எப்படி வாசித்தார் என்ற தகவல்களெல்லாம் கூச்சநாச்சம் இல்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இந்த அவலத்தைத் துடைக்கத்தான் புதிய 'கலை இயக்குநர்' வந்து சேர்ந்தார். முதல் கூட்டத்திலேயே பழைய இதழ் ஒன்றைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இதுல வெற்றிடம் எங்க?"

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். அகப்படவில்லை.

"எழுத்துங்கறது படிக்கறதுக்கு இல்ல சார். பக்கத்துல அங்கங்க கொஞ்சம் சாம்பல் நிறம் வேணும். அதுக்குத்தான் எழுத்து."

ஆசிரியருக்குப் புல்லரித்துவிட்டது. அன்றிலிருந்து அலுவலகத்தில் கலை இயக்குநருக்கு 'வெற்றிடம்' என்றே பெயர். மனிதர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆட்சியில் பாடகர்கள் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. ஜன்னலைப் பார்க்க வேண்டும். இளம் கலைஞர் என்றால் செங்கல் சுவரில் சாய்ந்து, யார்மீது என்று தெரியாத கோபத்தோடு நிற்க வேண்டும். மூத்தவர் என்றால் கறுப்பு வெள்ளை.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனாருக்கு நல்ல காலம் பிறந்தது. அவர் கிளாரினெட் வாசிப்பவர். வாழ்நாள் முழுக்கப் பெரிய வாத்தியக் குழுக்களின் கடைசி வரிசையில், அடுத்தவர்களின் முதுகைப் பார்த்தபடியே வாசித்துத் தீர்த்தவர். நகரத்தின் பெரிய அரங்கத்தில் இப்போது அவருடைய முதல் தனிக் கச்சேரி. மாமியார் அவருடைய கோட்டைச் சலவைக்குக் கொடுத்து வாங்கி, யாரையும் தொடவிடாமல் மாட்டி வைத்திருந்தார். கூட்டம் சேரட்டுமே என்று நான் மாமனாரைப் பேட்டி எடுத்தேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பேசினார்.

அந்தப் பக்கத்தை வெற்றிடமே முன்னின்று அமைத்தார். மாமனார் சிரிக்கும் படங்களையெல்லாம் ஒதுக்கினார். விளக்கு வெளிச்சம் பட்டு அவர் கண்ணை மூடிக்கொண்ட படம் ஒன்று இருந்தது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சுற்றிலும் கறுப்புக் கரை கட்டினார். தலைப்பு 'மூச்சு'. அதற்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி. 'தேநீர் ஆறட்டும், இனி எனக்கு அவசரமில்லை' என்று மாமனார் பேச்சுவாக்கில் சொன்னதில் தேநீரைக் கொட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் உள்ளங்கை அளவு எழுத்தில் போட்டார். பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு. ஆண்டை அடுத்து ஒரு சின்னக் கோடு.

"இந்தக் கோடு எதுக்குங்க?" என்றேன்.

"வலது பக்கம் கனம் குறையுது, பாருங்க."

"கோட்டுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே?"

"அதான் வெற்றிடம்!"

பேட்டி பக்கத்தின் அடி மூலையில், சாம்பல் தாளில் சாம்பல் எழுத்தாக, எறும்பு ஊர்ந்ததுபோலக் கிடந்தது. ஆசிரியர் பக்கத்தைப் பார்த்துக் கண் கலங்கி, "பேரிழப்பு" என்றார். பேட்டியைத்தான் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன்.

இதழ் வெளியான அன்று காலை மாமனார் பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தார். மலர்வளையத்தோடு நின்ற பழைய டிரம்பெட்காரர் அதை அப்படியே போட்டுவிட்டு, மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கி ஓடினார். அடுத்து வந்தவர்கள் நிதானமானவர்கள். வழியில் நின்ற மாமனாரை மெதுவாக ஒதுக்கிவிட்டு, உள்ளே போய் மாமியாரிடம் துக்கம் விசாரித்தார்கள். மாமியார் ஒரேயடியாக அழுதார். அரங்கத்து அறிவிப்புப் பலகையில் 'தனிக் கச்சேரி' என்பதை அடித்து 'நினைவஞ்சலி' என்று எழுதிவிட்ட செய்தி அதற்குள் வந்திருந்தது.

நானும் மாமனாரும் அரங்கத்துக்கு ஓடினோம். மேலாளர் எங்கள் இதழை விரித்து, படத்தையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவர் கண்ணை மூடியிருக்காரே ஐயா?"

"நானும் மூடிக் காட்டறேன், பாருங்க" என்று மாமனார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"சாயல் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா கச்சேரின்னு போட்டப்ப பாதி டிக்கெட்கூடப் போகல. அஞ்சலின்னு போட்டதும் நிரம்பிடுச்சு. இப்போ வந்து உயிரோட இருக்கேன்னா எப்படிங்க?"

அங்கிருந்து நேரே அலுவலகம். வெற்றிடம் மாமனாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படத்துல நீங்க இன்னும் நல்லா இருக்கீங்க" என்று பாராட்டினார்.

"தம்பி, நான் சாகலைன்னு ஒரு வரி போட்டுடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"அடுத்த இதழ்ல இடம் இல்லீங்களே."

"பக்கம் பக்கமா வெறுமையாத்தானே கிடக்கு?"

"அது இடம் இல்லீங்க. வெற்றிடம்."

மாமனார் திரும்பி நடந்தார். அவர் சிரிக்காமல் ஒரு வாசலைத் தாண்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அஞ்சலி நாளன்று அவர் சலவைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கிளாரினெட் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அங்க எதுக்கு மாமா?"

"என் கச்சேரி மாப்பிள்ளை. நான் போகாம எப்படி?"

கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேடையில் எங்கள் இதழின் அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குப் பெரிதாகி நின்றது. விளக்குகளை அணைத்து, மௌன அஞ்சலிக்கு எல்லோரையும் எழச் சொன்னார்கள். அரங்கமே கண்ணை மூடியது. பக்கத்தில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மாமனார் வாசிக்கத் தொடங்கினார்.

வெகுநேரம் வாசித்தார். மெல்ல ஏறி, ஓரிடத்தில் தயங்கி, மறுபடி இறங்கி வந்தது அந்த நாதம். ஒருவரும் திரும்பவில்லை. எனக்கும் கண்ணைத் திறக்க மனம் வரவில்லை. முடிந்ததும் மேலாளர் தழுதழுத்த குரலில், "இந்த அரிய ஒலிப்பதிவை ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி" என்றார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

மாமனார் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "வாசிச்சாச்சு மாப்பிள்ளை. வாங்க, போலாம்."

வாசலில் ஓர் அம்மையார் எங்கள் இதழை மார்போடு அணைத்தபடி விசும்பிக்கொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்ததும், "அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

"நெருங்கின சொந்தம்."

"இந்தப் பேட்டியை எத்தனை தடவை பார்த்துப் பார்த்து அழுதேன் தெரியுமா?"

"அப்படிங்களா? இந்தக் கச்சேரிக்கு எல்லாரும் வரணும்னு அதுல முதல் வரியிலேயே சொல்லியிருக்கேனே. படிக்கலையா?"

அம்மையார் முகம் சுளித்தார். "பார்த்தேன்னுதானே சொன்னேன்?"

அந்த ஆண்டின் சிறந்த பக்க வடிவமைப்புக்கான விருது எங்கள் இதழுக்கே கிடைத்தது. ஆனால் இவ்வளவு பெரிய சாதனைக்கு எங்கள் அலுவலகம் மட்டும் உரிமை கொண்டாடுவது நியாயமில்லை. மாமனாரை அழகாகச் சாகடித்தது மட்டும்தான் நாங்கள். ஒரு வரிகூடப் படிக்காமல் அவரை அடக்கம் செய்தது வாசகர்களாகிய நீங்கள்.