எரியாத மிளகாய்

சங்கரன்கோவிலில் ஒரே காலையில் நான்கு தடவை எழுந்திருக்கத் தெரிந்தவர் மிளகாய் அண்ணாச்சி ஒருவர்தான். அதில் மூன்று கனவில் நடக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே மிளகாய் வற்றல் மண்டியில் குமாஸ்தாக்கள். ஒரே அறையில் ஜாகை. அண்ணாச்சி எழுவார், பல் தேய்ப்பார், குளிப்பார், மண்டிக்குப் போய் உட்காருவார். உட்கார்ந்ததும் முழிப்பு வரும். பார்த்தால் பாயில் கிடப்பார்! மறுபடி பல் தேய்க்க வேண்டும். முதலாளி, "என்னவே, இப்பத்தான் வாரீரா?" என்று அதட்டினால், "காலையில ரெண்டு மட்டம் வந்துட்டேன் முதலாளி, நீங்கதான் கவனிக்கல" என்பார்.

கனவா நனவா என்று கண்டுபிடிக்க அவரே ஒரு வழி செய்தார். சட்டைப் பையில் எப்போதும் வற்றல் மிளகாய் இருக்கும். எடுத்துக் கடிப்பார். எரிந்தால் முழிப்பு. எரியாவிட்டால் கனவு, பிறகு அவர் ராஜ்யம்தான். கோபுரத்தைச் சுற்றிப் பறப்பாராம். முதலாளியை மூட்டை சுமக்க வைப்பாராம். முழித்திருக்கும்போதோ, எதிரே பெண்கள் வந்தால் தெரு மாறிப் போகிற சங்கோஜி.

அவருக்கு வாசுதேவநல்லூரில் பெண் பார்த்தார்கள். வயது ஏறிவிட்டது, இதுவும் தட்டிப்போனால் இனிப் பெண் கிடைக்காது என்று அவர் அம்மா அழுதிருந்தார். துணைக்கு நான். அன்றைக்குப் பார்த்துப் பல்வலி. கிராம்புத் தைலத்தை வாயெல்லாம் அப்பிக்கொண்டு பஸ் ஏறினார்.

பெண் வந்து கும்பிட்டுவிட்டுக் குனிந்தபடி நின்றாள். இவ்வளவு அழகான பெண் தனக்கா? அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சபை நடுவே மிளகாயை எடுத்துக் கடித்தார். என் மானம் போயிற்று. அவர் முகமோ மலர்ந்தது. எரியவில்லை!

"ஏட்டி, இங்கன பாரு. கனவுதானே, பயப்படாமச் சொல்லு. என்னயக் கட்டிக்கிட ஒனக்கு இஷ்டமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல" என்றாள்.

நான் அவர் காதில், "அண்ணாச்சி, இது நெசம்! தைலம் தடவுனீகள்லா, அதான் எரியல!" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் பெண்ணின் அப்பா கையை ஓங்கிக்கொண்டு அவளிடம் போனார். அண்ணாச்சி பாய்ந்து குறுக்கே நின்றார்.

"அவுகள அடிக்காதீக. நான் கேட்டேன், அவுக பதில் சொன்னாக. அவ்வளவுதான்."

ஓங்கிய கை அண்ணாச்சியின் கன்னத்தில் இறங்கியது. பல்வலி இருந்த பக்கம்.

திரும்பும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "ஒரு பொம்பளப் பிள்ளைய மரியாத இல்லாம ஏட்டின்னுட்டேனே" என்று ஊர் வரும்வரை புலம்பினார். சம்பந்தம் முறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அவரைத் தெரியாதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுவருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். நல்ல முழிப்பில்தான் இருந்தேன். அவளுக்கு இஷ்டமா என்று கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"அந்த அண்ணாச்சிய ஒருநா நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள்.

அவர் இருக்கும்போதே கூட்டி வந்திருக்க வேண்டும். எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.