தொட்டிலில் கிடந்தது குழந்தை இல்லை, சம்பந்தி

சோரியாங்குப்பம்,
வியாழக்கிழமை.

மண்ணாடிப்பட்டு முத்துசாமி சம்பந்தி அவர்களுக்கு, பாகூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் குமரவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. ‘சம்பந்தி’ என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இன்றைய தேதிக்கு என் வீட்டில் தகரன் ஒருவன்தான் நலமாக இருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வராது, வெட்கமும் கிடையாது. தாங்களும் மாப்பிள்ளை அரிகரனும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவின் சுகத்தை விசாரிக்கத்தான் பயமாக இருக்கிறது.

தங்களுக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்கிறது. நேரில் வரலாமென்றால், இங்கிருந்து மண்ணாடிப்பட்டு வந்து சேருவதற்குள் பஸ் புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கும்; என் தைரியம் முதல் எல்லையிலேயே இறங்கிக்கொள்ளும். ஆகையால் கடிதம்.

மற்றதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்த தொட்டிலில் கிடந்தது குழந்தை இல்லை. தகரப் பொம்மை, மேலே சொன்ன தகரன். என் மகளுக்கும் அந்தத் தொட்டிலுக்கும் உள்ள தொடர்பு, அவள் அதை ஆட்டினாள் என்பதுதான். பேரன் எடுக்கிற வயதில் இருப்பவர்கள் ஒரு பொம்மைக்கு ஏன் தொட்டில் கட்டினார்கள் என்று தாங்கள் கேட்பீர்கள். தங்களைப் போன்ற நிதானமான மனிதர் கேட்கத்தான் வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் டிவியில் ஏதோ ட்ரெய்லர் தொடங்கியபோதே, “மொதல்ல அத்த நிறுத்துப்பா” என்று சொல்லிவிட்டு, அது அணைகிற வரைக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்களே, அப்போதே என் மனைவி பிரேமாவிடம் சொன்னேன், மனுசன்னா இப்படி இருக்கணும் என்று. பெண்ணின் பெயர் விண்மதி என்றதும், யார் வைத்தது என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். கேசரி கிண்டிய புகை என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைத்தேன். ஜோசியர் எடுத்துக் கொடுத்த பெயர் என்றும் சொன்னேன். ஜோசியர் இல்லை, சம்பந்தி. விண்மதி என்பது ஒரு விண்கலத்தின் பெயர். இந்த உண்மை என் மகளுக்கே முழுசாகத் தெரியாது. விமானம் ஓட்டிய கதாநாயகியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் இளவட்ட வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘சனிக்கோள் சவாரி’ என்று ஒரு தொடர் வந்தது. தாங்கள் வயலும் வேலையுமாக இருந்திருப்பீர்கள், பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஊருக்குப் பொதுவாகக் கொம்யூன் பஞ்சாயத்து வைத்த ஒற்றை டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கும். விண்கலத்தின் கதவு பீரோவின் கதவு என்று எல்லோருக்கும் தெரியும். கைப்பிடியில் சாவி தொங்கும். சனியின் வளையம் சைக்கிள் ரிம் என்பதும் தெரியும். தெரிந்தென்ன, அந்த ரிம்முக்குப் பின்னால் சூரியன் எழும்பும்போது எனக்கு மயிர்க்கால் குத்திட்டு நிற்கும். கருப்பு வெள்ளையில் பார்த்தும் அது எனக்கு ஆரஞ்சு நிறத்தில்தான் ஞாபகம் இருக்கிறது. அதில் தகரன் என்று ஒரு இயந்திர மனிதன். கைக்கு மூன்று விரல், பேச்சு கொஞ்சம், யாரையும் பின்னால் விட்டுவிட்டு வராத குணம். அவனைப் பார்த்துவிட்டுத்தான் நான் மோட்டாரைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். இன்று நாலு பேர் மதிக்கக் கடை வைத்திருக்கிறேன் என்றால் அதற்கு என் அப்பா பாதி, தகரன் பாதி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கடைசி வாரத்தில் விண்மதி விண்கலம் உடைந்தது. கதவு மூடாமல் எல்லோரும் சாகப்போகிற நேரத்தில் தகரன் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டான். “கதவ நான் புடிச்சிக்கிறேன், நீங்க போங்க” என்றான். அவ்வளவுதான். தொடர் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் அன்று யார் வீட்டிலும் கறிக்குழம்பு இறங்கவில்லை. நானும் நண்பன் பாக்யராஜும் இன்னும் சில பேரும் சேர்ந்து தகரனுக்கு முறைப்படி கருமாதி செய்தோம். குளக்கரையில் பிண்டம் வைத்தோம். அப்போதுதான் முளைத்த மீசையை நான் எடுத்துவிட்டேன். பாக்யராஜ் தகர வேலை படித்தவன், எண்ணெய் டின்களை வெட்டித் தகரனைப் போலவே ஒரு உருவம் செய்தான். கருமாதியில் வைத்துப் படைத்துவிட்டு அதை என் வீட்டுப் பரணில் ஏற்றினோம். விண்மதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை இறக்கச் சொல்லி அழுது, அதன் மூன்று விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

இவ்வளவு வருஷம் கழித்து, இதோ, ‘சனிக்கோள் சவாரி’ பெரிய படமாக வருகிறது. ட்ரெய்லர் முடிகிற நேரத்தில் சனியின் வளையத்தில் ஒரு பனிக்கட்டி உடைந்து உள்ளிருந்து ஒரு கை வந்தது. மூன்று விரல். கடையில் போனில் அதைப் பார்த்த பாக்யராஜ் வாய்விட்டு அழுதான். நானும்தான். மோட்டார் எடுக்க வந்த ஆள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். பிழைத்து வந்ததற்காக அழுகிறோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இந்த சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது எங்கள் தெரு தையலம்மாள் அத்தை. ஊரில் நல்லது கெட்டதுக்கு முறை சொல்கிறவர் அவர்தான். “கருமாதி பண்ண ஆளு உசுரோட வந்தா சும்மா உள்ள வுடக்கூடாதுடா” என்றார். “எங்க சித்தப்பாரு கலியன் கடலுக்குப் போயி காணாம பூட்டாரு. காரியம்லாம் முடிச்சப்பறம் ஒரு நாளு வந்து வாசல்ல நிக்கறாரு. இன்னா பண்ணாங்க? அம்மாம் பெரிய மீசைய வெச்சிக்கினு இருந்த மனுசன தொட்டில்ல போட்டு ஆட்டி, காதுல பேரு சொல்லி, புதுசா பொறந்தவனாட்டம் ஆக்கித்தான் வூட்டுக்குள்ள வுட்டாங்க. இது பண்ணலன்னா உங்க படம் ஒரு வாரம் தாங்காது, சொல்லிட்டேன்.” படம் ஓடாது என்ற வார்த்தை எங்களை உலுக்கிவிட்டது. கருமாதி செய்தவர்கள் நாங்கள். படம் படுத்தால் பழி எங்கள் தலையில்தானே விழும்?

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் தொட்டில் ஏறியது. பிரேமாவின் கல்யாணப் புடவை, வேப்பிலை, தெருப் பெண்கள் தட்டில் பழம் பூ வளையல். தகரனின் கையில் வசம்பு வளையம் மாட்டினோம். அத்தை தாலாட்ட, விண்மதி தலைக்குக் குளித்து மஞ்சள் பூசிய முகத்தோடு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கன்னிப் பெண் ஆட்டினால் விசேஷம் என்று அத்தைதான் சொன்னார். அந்த நேரம் பார்த்து, வீராம்பட்டினம் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்த வந்த சம்பந்தியம்மா, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசிவிட்டுப் போகலாமென்று உங்கள் வீட்டுப் பெண்களோடு வாசலில் வந்து நிற்கிறார். கையில் பிரசாதம். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தொட்டிலைப் பார்த்ததும் போனது, இன்னும் திரும்பி வரவில்லை.

“யாரு வூட்டுப் புள்ள இது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். “நம்ம வூட்டுப் புள்ளதாம்மா. செத்துப்போச்சின்னு காரியம் பண்ணிட்டோம். பாத்தா உசுரோட கீது. அதான் பேரு வெக்கறோம்.”

“இவ்ளோ நாளு எங்க இருந்துச்சி?”

“பரண் மேலதான் கெடந்துச்சி.”

சம்பந்தியம்மா விண்மதியைப் பார்த்தார். மஞ்சள் முகத்தைப் பார்த்தார், ஈரத் தலையைப் பார்த்தார், தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். புடவைக்கு வெளியே தகரனின் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். பிரசாதத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பிரேமா தண்ணீர்ச் சொம்போடு தெருமுனை வரை ஓடினாள். “எங்களுக்குத் தாகம் இல்ல” என்று சொல்லி ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். உள்ளே வந்து பார்த்தால் பெயர் வைக்காமலே பாதியில் நிற்கிறது சடங்கு. பாதியில் நிறுத்தினால் செய்யாததை விடக் கெடுதல் என்று அத்தை அதற்கும் ஒரு குண்டு போட்டார்.

சம்பந்தி, என் மகள் அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அழவில்லை. கம்பெனிக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லும்மா என்றேன். “பாத்த ஒடனே அப்படி நெனைக்கறவங்களுக்கு நான் இன்னாத்துக்குப்பா வெளக்கம் சொல்லணும்?” என்றாள். ரோஷக்காரி. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து வந்த பூச்சரம் வாடிப்போயும் இன்னும் அவள் ஜன்னலில்தான் இருக்கிறது. அரிகரனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். என் கடைக்கு வந்தபோது கேட்காமலே ஸ்டூலை நகர்த்தி உட்கார்ந்து, காயில் சுற்றுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். அந்தப் பிள்ளையை இழந்துவிட்டு நான் எந்தக் கோளுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன்?

ஆகவே இதன் மூலம் சத்தியம் செய்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிற படத்தை நான் பார்க்கமாட்டேன். முதல் காட்சிக்கு எடுத்த டிக்கெட்டைப் பாக்யராஜிடமே கொடுத்துவிடுவேன். தகரனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன். சனிக்கோள் என்ற சொல் இனி என் வாயில் வராது. ஜோசியத்தில் சனிப்பெயர்ச்சி வந்தால்கூட எழுந்து போய்விடுவேன். தாங்கள் பெரிய மனது பண்ணி, சம்பந்தியம்மாவிடம் எடுத்துச் சொல்லி, கதவை மட்டும் மூடாமல் இருங்கள். இதைவிட எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தங்கள் வீட்டு வயலும் மாடும் மனிதரும் குறைவில்லாமல் விளங்கவேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு, இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் பணிவுள்ள,
குமரவேல்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது மாப்பிள்ளையின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது தாங்கள். தாங்கள் பேசியதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தங்களிடமே உறுதிசெய்துகொள்ள இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த சம்பந்தியம்மா இன்றைக்குத்தான் வாய் திறந்தார் என்றும், புள்ளைக்கு முழங்கை வரைக்கும் வெள்ளிக் காப்பு போட்டிருக்கிறார்கள், பாவம், கையில் மூணே விரல் என்றும் சொன்னாராம். தாங்கள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றீர்களாம். “யோவ், எங்க ஊர்ல தகரனுக்கு மொட்ட போட்டவன்யா நானு! அந்த மொட்டத் தலையோடதான் எங்க வூட்டம்மாவ பொண்ணு பாத்தேன். சித்தப்பா செத்ததுக்கு மொட்டன்னு இன்னி வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தா. எனக்கு சொல்லாம எப்படிய்யா தொட்டில் கட்டன நீ?” என்று தாங்கள் போட்ட சத்தம் அடுப்படியில் இருந்த பிரேமாவுக்கே கேட்டது. அன்று டிவிக்கு முதுகைக் காட்டியதும், இப்போது போனை அணைத்துப் பீரோவில் பூட்டியதும், படம் வருவதற்குள் யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் என்றீர்கள். விண்கலத்தின் பெயரைப் பெண்ணுக்கு வைத்தவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னீர்கள். பின்னாலிருந்து சம்பந்தியம்மா, “நம்ம வூட்டுப் பைத்தியத்துக்கு ஏத்த எடந்தான்” என்றதும் கேட்டது.

ஆகையால் மேலே செய்த சத்தியம் எதுவும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமையே பரணுக்குத் திரும்பிய தகரன் மறுபடி இறங்கித் தொட்டிலுக்கு வந்துவிட்டான். விண்மதி இப்போதுதான் ரெண்டாவது தட்டு சோறு போட்டுக்கொள்கிறாள். நிச்சயதார்த்தம் அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், முதல் காட்சிக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும் என்றீர்கள், சம்மதம். தாய்மாமன் முறையில் தகரனைத் தங்கள் மடியில் உட்காரவைத்துக் காது குத்திப் பெயர் வைத்தால்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்றீர்கள், அதற்கும் சம்மதம். தகரனுக்குக் காதே கிடையாது என்று நான் அப்போது சொல்லவில்லை. பற்றவைப்பதற்காக வாசலில் பாக்யராஜ் எண்ணெய் டின்னில் இரண்டு காது வெட்டிக்கொண்டிருக்கிறான்.