பத்தே நிமிஷச் சமையல்காரர்

உலகத்தில் சமைக்கத் தெரிந்த ஆண்கள் உண்டு, தெரியாத ஆண்களும் உண்டு. இந்த இரண்டு பேராலும் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது பாருங்கள், "சமையல் என்ன பெரிய பிரம்மவித்தையா? பத்தே நிமிஷம்!" என்று சொல்கிற ரகம், அதைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கல்பாத்தி அக்ரஹாரத்தில் இந்த ரகத்துக்கு யக்ஞநாராயணன் என்று பெயர். ஆபீஸ் குமாஸ்தா. வாரப் பத்திரிகையில் வைட்டமின் கட்டுரை ஒன்று விடமாட்டார். தோலைச் சீவினால் சத்து போச்சு, கஞ்சியை வடித்தால் சத்து போச்சு, குக்கரில் வைத்தாலோ சர்வமும் போச்சு என்று, மனைவி ஞானம் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் நின்று பிரசங்கம் செய்வார். படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

அன்றைக்கு வந்தார். ஞானத்துக்குச் சித்தூரில் டீச்சர் வேலைக்கு இரண்டு மணிக்கு இன்டர்வியூ. டிரெய்னிங் முடித்து ஏழு வருஷம் கழித்து வந்த முதல் கடிதம். பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

"காலம்பற வடிச்ச சாதம் இருக்கு. மோரை விட்டுண்டு போறேன்னா."

"நன்னாருக்கே! இன்டர்வியூவுக்குப் போறவ மோருஞ்சாதமா? நீ போய்ப் படி. நான் லீவு போட்டிருக்கேன். பூசணிக்காயும் பருப்பும் போட்டு ஒரு மொளகூட்டல், தேங்காயைத் தயிர்ல அரைச்சு ஒரு அரைச்சுகலக்கி. செலவும் இல்லை, ஒடம்புக்கும் நல்லது. பத்தே நிமிஷம்!"

"பஸ்ஸு போயிடும்னா…"

"சாரமில்லேங்கறேன்! பஸ்ஸெல்லாம் பிடிச்சுடலாம்!"

அப்போது மணி பத்து. சரி, அந்தப் பத்து நிமிஷம் எப்போது ஆரம்பிக்கிறது? அங்கேதான் சூட்சுமம். சமைப்பதென்றால் மடியாக அல்லவா சமைக்க வேண்டும்? விடியற்காலையிலேயே குளித்த மனுஷர், மறுபடி ஆற்றில் முங்கக் கிளம்பினார். போகிற வழியில் நாலு பேர், படித்துறையில் ஆறு பேர். அத்தனை பேரிடமும் "இன்னிக்கு நம்ம கைச் சமையலாக்கும்" என்று சொல்லி, பக்குவமும் சொல்லி, ஈர வேஷ்டியோடு திரும்பியபோது பதினொன்றரை.

குக்கர் ஒதுக்கப்பட்டது. பருப்பு வெண்கல உருளியில் அடுப்பேறியது. பூசணித் துண்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டாமா? அளந்து அளந்து நறுக்கினார்.

"ஞானம், இது ஜீரகமா ஓமமா?… ஞானம், மஞ்சப்பொடி எங்கே?… ஞானம், தேங்காயைச் செத்தெ துருவிக் குடுத்துடேன். என்னைத் தொட்டுடாதே, மடி! தள்ளி வை!"

ஞானம் புத்தகத்தில் விரலை வைத்தபடி எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். படித்தது ஒரே பக்கம். பன்னிரண்டேகாலுக்கு எட்டிப் பார்த்தால், பருப்பு கல்லுக் கல்லாகக் கிடக்கிறது.

"இதோ ஆயிடுத்து! தாளிச்சுக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி!"

அவள் சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்து, கடுகுமாங்காய் ஊறுகாயைக் கடித்துக்கொண்டு, நின்றபடியே மூன்று நிமிஷத்தில் விழுங்கிவிட்டு ஓடினாள். கண்டக்டர் மணியடித்த பிறகு பஸ்ஸில் தொற்றி ஏறினாள் என்று கேட்டபோதுதான் என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

சாயங்காலம் வந்தாள். வேலை கிடைத்துவிட்டது! திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம். சேதி கேட்டுத் தெருவே வாசலில் கூடிற்று. ஞானம் வாயைத் திறப்பதற்குள் யக்ஞநாராயணன் முந்திக்கொண்டார்:

"பின்னே? எல்லாம் மொளகூட்டலோட மகிமை, கேட்டேளா! மூளைக்கு நேரா சத்து போயிருக்கு!"

ஞானம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், இன்டர்வியூவுக்குக் கட்டிய புதுப் புடவையைக் களைந்து பழசைக் கட்டிக்கொண்டு, அடிப்பிடித்த உருளியைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் "நான் அப்படியில்லையப்பா, நான் சமைக்கும்போது ஒருத்தரையும் கூப்பிடமாட்டேன்" என்று மட்டும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டம்மாள் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.