பின்னாலுக்குச் சொல் தேடிய படலம்

பல்செட் வார்ப்பதில் பெரும்பெயர் பெற்றவனும், சொந்தமாக ஒரு மொழியையே வார்த்தெடுத்தவனும், இரண்டே பேர் பேசும் அம்மொழிக்கு இரண்டாவது ஆளாகத் தன் மனையாளையே இழுத்துப் போட்டவனுமாகிய மாவீரனை, பல்லச்சு மாவுக்கறை படிந்த முன்கையனை, மூக்குக்கண்ணாடியையே முடியாய்ச் சூடியவனை வணங்கித் தொடங்குகிறோம். நாவே, சறுக்காதே!

அவன் மொழியில் இடங்காட்டும் சொற்கள் பெயருக்குப் பின்னே வாலாய்த் தொங்கா. முன்னே கட்டியக்காரராய் நடக்கும். ‘மேல்’ பிறந்தது, ‘கீழ்’ பிறந்தது. ‘பின்னால்’ மட்டும் பிறக்கவில்லை. ஒட்டிய பின்னால் வேறு, எட்டிய பின்னால் வேறு, சாய்ந்த பின்னால் வேறு எனப் பிரித்தே தீருவேனென்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலைகளில் அவ்வீட்டில் தமிழ் ஒலிக்கலாகாது, விரலாலும் சுட்டலாகாது. ஆணையிட்டவனும் அவனே, பாவம், யாரை நோவது?

அந்தோ, அப்படியொரு ஞாயிறன்று, ஆஸ்பத்திரி வார்டுக்கு விரைந்த அவன் மனையாளாம் செவிலிப் பெருமாட்டியின் ஸ்கூட்டர்ச் சாவி மாயமாயிற்று! ஃப்ரிட்ஜின் தலையிலிருந்து நழுவி அதன் முதுகுப்புறம் அது விழுந்ததைக் கண்ணாரக் கண்டவன் நம் வீரன் ஒருவனே. மெத்தை புரண்டது; கைப்பை குடல் சரிந்து தரையில் கிடந்தது. சாவி எங்கே என்று அவள் அவன் மொழியிலேயே பிழையறக் கேட்டாள். அவனோ, வாளை வீட்டில் மறந்து போர்க்களம் வந்த மன்னனென விழித்தான்.

வெடித்தாள் பெருமாட்டி, தமிழிலேயே:

“தெரியும்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு, வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன்! இன்னிக்கும் லேட்டாப் போனா ஹெட் நர்ஸ் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவா. அப்புறம் உங்க பாஷைய நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்!”

குடிகளில் சரிபாதி வெளியேறினால் எந்த நாடு தாங்கும்? வீரன் கண் மூடினான், மாதக்கணக்கில் பிறக்காத சொல் அக்கணமே பிறக்க, பாத்திரங்கள் அதிர முழங்கினான்: “ஸோம்ரூ!”

ஒட்டியும் ஒட்டாமலும் சற்றே சாய்ந்த பின்னால் என்பது அதன் பொருள். அழகான சொல்தான், சந்தேகமேயில்லை. ஆனால் அதை அறிந்தவன் உலகில் அவன் ஒருவனே.

“அப்படின்னா?” என்றாள் அவள்.

குரல் உடைந்திருந்தது. அவள் கண்ணில் நீர் தளும்புவதைக் கண்டான் மொழிப்பெருவேந்தன், ஆணைகளின் அதிபதி, இடைச்சொற்படையின் தனித்தலைவன்; கண்டு, வாய் திறந்தான்:

“ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கிடக்கு, இரு, எடுத்துத் தரேன்.”