ஏலக்காய் எஃப்.எம். எட்டும் தூரம்

"இங்கன மட்டும் ஏன்யா மொட்டையா இருக்கு?"

ஜவுளிக்கடை முதலாளி பொன்னுராஜ், சுவரில் தொங்கிய தேனி மாவட்ட வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டார். விரல் நின்ற இடம் கெங்குவார்பட்டி. மற்ற இடமெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. கம்பத்தில் பொட்டு, போடியில் பொட்டு, மயிலாடும்பாறையில் அம்மை போட்ட மாதிரி பொட்டு.

சுந்தரலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தேனி கடைவீதியில் பொன்னுராஜ் தன் கடையின் நான்காவது மாடியில், அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து நடத்திவந்த 'ஏலக்காய் எஃப்.எம்.' என்ற குட்டி வானொலிக்கு சுந்தரலிங்கம்தான் நிலைய இயக்குநர். வானொலியைப் பற்றி அவர் அறிந்தது, பேட்டரி போட்டால் பாடும் என்பது மட்டுமே. அதையும் அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு நிலையம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று தெரிந்துகொள்ள, விவரமானவர்கள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அளப்பார்கள். சுந்தரலிங்கம் வெயிலில் அலைகிற ஜாதியில்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே அளந்தார். பாட்டுக் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் அறிவிப்பாளர் அனுஷ்கா, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பாள். அவர்கள் சொன்ன ஊரில் இயக்குநர் தன் கையாலேயே ஒரு பொட்டை ஒட்டுவார். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து ரசிப்பார். முழுநாள் வேலை அவ்வளவுதான்.

"கெங்குவார்பட்டி என் சம்பந்தி ஊருய்யா" என்றார் பொன்னுராஜ். "ஒங்க ரேடியோ எங்க ஊர்ல கொர்ருங்குதுன்னு, கல்யாணப் பந்தியில நாலு பேரு முன்னாடி சிரிக்கிறாரு. பாயாசம் எறங்கல எனக்கு. அவரு காதுல நம்ம ரேடியோ கேக்கணும். இல்லையா, தீபாவளிக்குச் சேலை லோடு வருது, வைக்க எடமில்ல. இந்த மாடி குடோனு. முடிஞ்சது கதை."

குடோன் ஆனால் சுந்தரலிங்கம் மறுபடி மச்சினன் கோட்டைச்சாமியின் செங்கல் சூளைக்குத்தான் போயாக வேண்டும். இந்த வேலை கிடைத்த அன்று, சூளை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "இனிமே இங்கிட்டு எட்டிப் பாத்தா என் மீசையை எடுத்துக்கிறேன்டா" என்று சவால் விட்டு வந்தவர் அவர். வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டார். வினோத்ராஜ் என்று பெயர். போன வருஷம்வரை கேபிள் டி.வி.க்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவன். எதைச் சொன்னாலும் "பண்ணிரலாம் சார்" என்பான். அவன் பண்ணிய தெருக்களில் இன்றும் டி.வி.யில் படத்துக்குப் பதில் பனி கொட்டுகிறது.

"கெங்குவார்பட்டி வடகிழக்குல இருக்கு. ஆன்டெனாவை அங்கிட்டுத் திருப்பு."

"பண்ணிரலாம் சார்."

திருப்பினான். கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு போனும் வரவில்லை. தினமும் வந்துகொண்டிருந்த கம்பத்துப் போன்கள்தான் நின்றுபோயின.

"கம்பம் தென்மேற்குல்ல சார்? முதுகைக் காட்டிட்டோம். அதான் அவுகளுக்கு எட்டல" என்றான் வினோத்ராஜ். அவனுக்கே தன் விளக்கம் பிடித்துப்போய்விட்டது.

"அப்ப உயரமாத் தூக்கு. கம்பமும் தெரியணும், கெங்குவார்பட்டியும் தெரியணும்."

"பண்ணிரலாம் சார். கேபிளுதான் பத்தாது."

"ஒட்டுப் போடுய்யா! இதுக்கெல்லாமா டைரக்டர்ட்ட வந்து நிப்பாக?"

பழைய போர்வெல் குழாயை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். வீட்டில் மிச்சம் கிடந்த டி.வி. கேபிள் துண்டுகளைக் கொண்டுவந்து, கறுப்பு டேப் சுற்றிச் சுற்றி இணைத்தான் வினோத்ராஜ். ஒலிபரப்பு இயந்திரத்திலிருந்து கிளம்பிய சக்தி ஒவ்வோர் ஒட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, உச்சிக்குப் போய்ச் சேரும்போது வெறும் பெருமூச்சாக இருந்தது. அடுத்த நாள் போடியும் அடங்கிவிட்டது.

"சார், கீழ டீக்கடை ரேடியோவுலயே நம்ம பாட்டு இரையுது சார்" என்றாள் அனுஷ்கா.

"டீக்கடை ரேடியோ எண்ணெய்ப் பிசுக்குல ஊறிக் கெடக்கும்மா. அதை வச்சா அளக்குறது? மயிலாடும்பாறை அக்கம்மா இன்னைக்கும் பேசுனாகளா இல்லையா?"

"பேசுனாக சார்."

"பெறகு என்ன? அம்புட்டுத் தூரத்துல அவுகளுக்குக் கேக்குதுன்னா நம்ம ரேஞ்சு நல்லாருக்குன்னு அர்த்தம். பக்கத்துல கேக்குறதை எவன் வேணும்னாலும் செய்வான்."

அக்கம்மாள் நிலையத்தின் ஆஸ்தான நேயர். காலையில் மகனுக்காக ஒரு பாட்டு, மத்தியானம் மருமகளுக்காக, சாயங்காலம் அவர்கள் இருவரும் சண்டை போடாமலிருக்க ஒரு பாட்டு. மயிலாடும்பாறைப் பொட்டுகளில் பாதி அவர் புண்ணியம்.

"இப்ப பவரை முழுசாத் திருகிவிடு. கெங்குவார்பட்டி அதிரணும்" என்றார் சுந்தரலிங்கம்.

இந்த முறை வினோத்ராஜே தயங்கினான். "சூடாகிரும் சார்."

"ஃபேனை அதும்பக்கம் திருப்பி வையி."

தன் தலைக்கு வைத்திருந்த மேசை விசிறியையே தியாகம் செய்தார். பவரைத் திருகினார்கள். இயந்திரம் சூடேறி, தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. ஆறியதும் எழுந்தது, மறுபடி அணைந்தது. பாட்டு இரண்டு வரி, மௌனம். விளம்பரம் அரை வரி, மௌனம். அனுஷ்கா காய்கறி விலை சொன்னபோது கத்தரிக்காய் காற்றில் போனது, விலை போகவில்லை. அன்று மத்தியானம் அக்கம்மாளின் போனும் வரவில்லை. அதற்கடுத்த நாள் யாருடைய போனும் வரவில்லை. கெங்குவார்பட்டி மொட்டையாகவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் சேலைக் கட்டுகள் மாடியேறி வந்தன. பின்னாலேயே பொன்னுராஜும் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"டைரக்டரே, அந்த மைக்கைக் கொஞ்சம் நகட்டுங்க. சுங்குடிக் கட்டு அங்கன வரணும்."

"மொதலாளி, ஒரு வாரம் மட்டும்..."

"என் சம்பந்தி நேத்து போன்ல, ரேடியோவை மூடிட்டீகளான்னு கேக்குறாரு. துக்கம் விசாரிக்கிற மாதிரி கேக்குறாருய்யா!"

சுந்தரலிங்கத்தின் கைபேசி ஒலித்தது. கோட்டைச்சாமி. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஏலக்காய் எஃப்.எம். எட்டாத இடத்துக்கெல்லாம் அடுத்தவன் வேலை போன சேதி எட்டிவிடும்.

"மாப்ள, சேதி கேள்விப்பட்டேன். திங்கக்கெழமை சூளைக்கு வந்திருங்க. வரும்போது அந்த மீசையையும் கொண்டாங்க."

அவர் கைபேசியைக் காதிலிருந்து இறக்கியபோது, படிக்கட்டில் தடதடவென்று கூட்டம் ஏறி வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிய ஒரு பெண்மணி முன்னால் நின்று சத்தம் போட்டார்.

"யாருய்யா இங்கன ரேடியோவைக் கெடுத்தது? நாலு நாளா ஒரு பாட்டு முழுசாக் கேக்க முடியுதா? எங்க வீட்டுல மகன் மருமக சண்டை ஓயல!"

அனுஷ்கா துள்ளி எழுந்தாள். "சார்! இந்தக் குரலு... நீங்க மயிலாடும்பாறை அக்கம்மாதான?"

"ஆமாத்தா, நான்தான்."

"நான் கம்பம் பேச்சிமுத்து" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"நான் போடி சந்தனம்மா. எனக்கு அஞ்சு நாளாக் கேக்கல."

சுந்தரலிங்கத்துக்கு உயிர் திரும்பியது. மீசையும் விறைத்தது.

"பாத்தீகளா மொதலாளி! கம்பம், போடி, மயிலாடும்பாறைன்னு பள்ளத்தாக்கே தெரண்டு வந்திருக்கு! நாலு நாள் ரேடியோ இல்லேன்னதும் பஸ்ஸேறி ஓடி வந்திருக்காக! கெங்குவார்பட்டி என்ன பெரிய கெங்குவார்பட்டி?"

பொன்னுராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் வியாபாரிதான், ஆனாலும் தன் அப்பா பெயரில் நடக்கிற காரியத்துக்கு இத்தனை ஊர் வந்து நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏலே, சேலைக் கட்டுகளையெல்லாம் கீழ எறக்குங்கடா. கர்த்தர் கண்ணைத் தொறந்துட்டாரு. டைரக்டரே, புது ஆன்டெனா, புது டவரு, எல்லாம் போடுறேன். எங்க சம்பந்தி வீட்டுக் கூரை அதிரணும்."

சுந்தரலிங்கம் இன்னும் அணையாத கைபேசியைக் காதில் வைத்தார். "மச்சான், எல்லாத்தையும் கேட்டீருல்ல? ஒம்ம சூளைக்கு வேற ஆளப் பாரும்" என்று சொல்லித் துண்டித்தார். அவர் குரலில் அந்தப் பழைய திமிர் முழுசாக வந்துவிட்டிருந்தது.

பொன்னுராஜ் அக்கம்மாளைக் கும்பிட்டார். "அம்மா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. சாப்புட்டுத்தான் போகணும். திரும்பிப் போக நானே வேன் வச்சுத் தாரேன்."

"வேனு எதுக்குய்யா? நாங்க எல்லாருமே ஒங்க கடைக்குப் பின்சந்துதான். நான் அடுப்புல பாலை வச்சுட்டு வந்திருக்கேன்."

பொன்னுராஜ் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சுந்தரலிங்கத்தைப் பார்த்தார். சுந்தரலிங்கம் யாரையும் பார்க்கவில்லை.

"பெறகு எதுக்கும்மா தெனமும் போன்ல மயிலாடும்பாறைன்னு சொன்னீக?" என்று கேட்டார் பொன்னுராஜ்.

அக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாருக்கே! பொழைக்க வந்து தேனியில குடியிருக்கிறவுகட்ட எந்த ஊருன்னு கேட்டா, யாருய்யா தேனின்னு சொல்லுவா?"